நாலாம் கிரேடு ஷீட்டும் இரண்டாம் கிரேடு ஈரலும்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் ஏதாவது ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விளையில், அதாவது தோட்டத்தில், வெட்டிய ரப்பர், கடையில் நாலாம் கிரேடு ஷீட்டாகப் போயிருக்கும். பெரியவரின் வயிற்று ஸ்கேன் தாளில் ஈரல் கொழுப்பு, கிரேடு 2 என்று இருக்கும். பேத்தி சி.பி.எஸ்.இ. பள்ளியில் பி1 வாங்கியிருப்பாள். மாடி எடுக்க இறக்கிய சிமென்ட் மூட்டையில் 53 கிரேடு என்று அச்சடித்திருக்கும்.

நான்குக்கும் கிரேடு என்றுதான் பெயர். ஆனால் ரப்பரில் 1 என்றால் மேல்தரம், எண் ஏற ஏற மட்டம். ஈரலில் 1 என்றால் லேசானது, எண் ஏற ஏறக் கவலை. சிமென்டில் எண் ஏறினால் உறுதி ஏறும். பி1 என்பதோ, அந்தப் பிள்ளை எவ்வளவு படித்தாள் என்பதைவிட, அந்த வருடம் கூடவே எழுதியவர்களில் எந்த இடத்தில் நின்றாள் என்பதைத்தான் சொல்கிறது. எந்தக் கிரேடும் யாரோ ஒருவர் தன் தேவைக்காகக் கேட்ட ஒரு கேள்விக்கான பதில். அந்தக் கேள்வி என்னவென்று தெரியாமல் பதிலை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் வீண் பயமும் பண நஷ்டமும் வருகின்றன. நம் மாவட்டத்தில் தினசரி புழங்கும் சில கிரேடுகளை வைத்து இதைப் பார்க்கலாம்.

ரப்பரில் தொடங்குவதுதான் சரி. மேற்குக் குமரியில் அதிகம் பேரின் கைக்காசைத் தீர்மானிப்பது அந்தக் கிரேடுதான். விடியுமுன் வெட்டிய பாலை அரித்து, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் ஆசிட் விட்டு டிஷ்ஷில் உறைய வைக்கிறார்கள். உறைந்ததை ரோலரில் விட்டு மெல்லிசாக்கி, கடைசியில் வரி ரோலரில் ஓட்டுகிறார்கள். அந்த வரிகள் அழகுக்காகப் போடுவதில்லை. ஷீட்டின் பரப்பு கூடினால் ஈரம் சீக்கிரம் இறங்கும். பிறகு நிழலில் நீர் வடியவிட்டு, புகைப்புரையில் நாலைந்து நாள், 40 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில் தொங்கவிட்டால் தேன் நிறத்தில் ஷீட் கிடைக்கும். ஆர்.எஸ்.எஸ். என்று பத்திரிகையில் தினமும் விலை போடுவது இந்த வரி போட்ட, புகையில் உலர்ந்த ஷீட்டுக்குத்தான்.

இதில் 1எக்ஸ் என்ற உச்சத் தரத்தில் தொடங்கி 1, 2, 3, 4, 5 என்று இறங்கும் வரிசை ஒன்று உண்டு. உலகம் முழுவதும் இதற்கு ஒரே விதிநூல். 1969இல் நிலைபெற்ற அந்த நூலைத் தொழிலில் உள்ளவர்கள் பச்சைப் புத்தகம் என்பார்கள். அது சொல்லும் முறையில் எந்தக் கருவியும் கிடையாது. ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குமிழி இருக்கிறதா, பட்டைத் துணுக்கு கிடக்கிறதா, பூஞ்சை படர்ந்திருக்கிறதா, பிசுபிசுப்பு உண்டா, புகை கூடிப்போயிற்றா, நடுவில் வெள்ளையாக ஈரம் நிற்கிறதா. முதல் தரத்தில் குண்டூசித் தலை அளவுக் குமிழிகள் அங்கங்கே இருந்தால் போகட்டும் என்று விடுவார்கள். நாலாம் தரத்தில் நடுத்தர அளவுப் பட்டைத் துணுக்கு, சில குமிழி, கொஞ்சம் பிசுபிசுப்பு, கொஞ்சம் அதிகப் புகை வரைக்கும் பொறுத்துக்கொள்வார்கள். சரியாக உலராத ஷீட்டை ஏற்க மாட்டார்கள். பூஞ்சைக்குக் கூடக் கணக்கு உண்டு: ஒன்றாம் தரத்தில் நூறு பேல் கட்டுகளில் ஐந்துக்கு மேல் பூஞ்சை தொட்டிருக்கக் கூடாது, நாலாம் தரத்தில் இருபது வரை போகலாம், ஐந்தில் முப்பது.

பழகிய கண்ணுக்கு ஒவ்வொரு குறையும் அது எந்த வேலையில் வந்தது என்பதைச் சொல்லிவிடும். பட்டைத் துணுக்கு கிடந்தால் பாலைச் சரியாக அரிக்கவில்லை. குமிழி நிறைய இருந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது புகைப்புரையில் முதல் நாளே சூட்டை ஏற்றிவிட்டார்கள். மேலே துரு போன்ற படலம் இருந்தால் ஷீட்டை நன்றாகக் கழுவவில்லை, அல்லது ஈரத்தோடு அதிக நேரம் போட்டுவிட்டார்கள். வெயிலில் காயப்போட்டால் பிசுபிசுக்கும். அதனால் நல்ல கடைக்காரர் ஒருவர் தருகிற கிரேடு, விலையோடு சேர்த்து ஒரு பாடமாகவும் இருக்க முடியும். ஆனால் நடப்பதென்ன?

“அண்ணாச்சி, இதை நாலுல போட்டாத்தான் என்ன?”

“கரும்புள்ளி கெடக்குல்லா. லாட்டுலதான் எடுக்க முடியும்.”

பேச்சு இத்தோடு முடிந்துவிடும். லாட்டு என்பது பச்சைப் புத்தகத்தில் இல்லாத கிரேடு. நல்லதும் மட்டமும் கலந்து, பிரிக்காமல் மொத்தமாக எடுக்கும் சரக்குக்குக் கடைவீதி வைத்த பெயர். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து ஷீட் கொண்டுவரும் சிறு விவசாயியிடம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துப் பிரிக்க யாருக்கும் நேரமில்லை. மூட்டையில் இரண்டு ஷீட் மட்டமாக இருந்தால் மொத்த மூட்டையும் லாட்டு விலைக்குப் போகும். அதே மூட்டை பிறகு பெரிய கிட்டங்கியில் பிரிக்கப்படும்போது அதில் கணிசமான பங்கு நாலாம் கிரேடாக மேலேறும். அந்த விலை வித்தியாசம் மரம் வைத்தவருக்கு வருவதில்லை. தரம் பார்க்கும் கண், எடை போடும் தராசு, பணம் கொடுக்கும் கை மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் இங்கே கோளாறு. கடைக்காரர்களை ஒட்டுமொத்தமாகக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. நேர்மையாக எடுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஒருவருடைய நேர்மையை நம்பித்தான் ஒரு முறை ஓட வேண்டியிருக்கிறது என்றால் அந்த முறையில் ஓட்டை இருக்கிறது. வீட்டிலேயே ஷீட்டைப் பிரித்துக் கட்டிக்கொண்டு போவதும், நாலைந்து பேர் சேர்ந்து உற்பத்தியாளர் சங்கத்தின் வழியாக விற்பதும்தான் இப்போதைக்கு இதற்கு உருப்படியான மாற்று.

இதே மரத்தில் வெட்டிய இடத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பாலுக்கு விதி வேறு. அது கிரம்ப் ஆலைக்குப் போய்ப் பொடித்து, கழுவி, உலர்த்தி, கட்டியாக வரும்போது ஐ.எஸ்.என்.ஆர். 20 (இந்தியத் தர இயற்கை ரப்பர்) என்ற கிரேடு வாங்குகிறது. 20 என்பது, அழுக்கு 0.20 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற கணக்கிலிருந்து வந்த எண். இந்தப் பாணியை 1965இல் மலேசியா தொடங்கிவைத்தது. நிறமும் குமிழியும் இங்கே பொருட்டே இல்லை. லேபில் அழுக்கு, சாம்பல், நைட்ரஜன், சூடேற்றிய பிறகு எவ்வளவு நெகிழ்வு மிச்சமிருக்கிறது என்று அளக்கிறார்கள். டயர் செய்பவருக்கு அதுதான் தெரிய வேண்டும். ஷீட்டாக இருந்தால் பட்டைத் துணுக்குக்காக விலை குறைந்திருக்கும். கிரம்ப்பில் மரத்தடியில் கிடந்த கட்டி கூடக் கழுவி உலர்ந்து லேபில் தேறிவிடுகிறது.

பாலாகவே பேரலில் விற்பவர்களுக்கு இன்னொரு எண்: டி.ஆர்.சி. பாலில் உண்மையான ரப்பர் எத்தனை விழுக்காடு என்பது அது. மரத்திலிருந்து இறங்கும் பாலில் பொதுவாக 30 முதல் 40 வரை இருக்கும். கொஞ்சம் பாலை எடை போட்டு, ஆசிட்டில் உறைய வைத்து, மெல்லிசாக்கி, 70 டிகிரி அடுப்பில் உலர்த்தி மறுபடி எடை போட்டால் கணக்குச் சரியாக வரும். பாலில் மிதக்கவிடும் குழாய்க் கருவியும் உண்டு. சீக்கிரம் எண் காட்டும், ஆனால் துல்லியம் குறைவு. 200 கிலோ பால் உள்ள பேரலில் ஒரே ஒரு விழுக்காடு குறைத்து எழுதினால் 2 கிலோ ரப்பருக்கான பணம் போயிற்று. ஆகவே பால் கொடுப்பவர்கள் எந்த முறையில் பார்த்தார்கள் என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

மலையடிவாரத்தை விட்டுக் கடற்கரைக்கு வந்தால் மணவாளக்குறிச்சி. இந்த ஊரின் பெயரே ஒரு கிரேடு. டைட்டானியம் தாதுவான இல்மனைட்டில், கேரளத்துச் சவறா மணலிலிருந்து எடுப்பதைக் கியூ என்றும், மணவாளக்குறிச்சியில் எடுப்பதை எம்.கே. என்றும், ஒடிசாவில் எடுப்பதை ஓ.ஆர். என்றும் சொல்வார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு முதலாவதில் ஏறக்குறைய 60 விழுக்காடு, நம்முடையதில் 55, ஒடிசாவினதில் 50. சுரங்கத் தொழிலில் கிரேடு என்றால் இதுதான்: வேண்டிய பொருள் எவ்வளவு செறிவாக இருக்கிறது. கரிய மணலிலிருந்து காந்தத்தாலும் மின்விசையாலும் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னட் என்று பிரித்தெடுக்கிறார்கள். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூர்க் கயிறில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்ததிலிருந்து இந்தக் கரையை வெளியார் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறார்கள்: எத்தனை விழுக்காடு தேறும்? கரையில் குடியிருப்பவர்களின் கேள்வி வேறு. கடல் எவ்வளவு உள்ளே வரும், வள்ளம் எங்கே ஏற்றுவது, கதிர்வீச்சு என்னாகும் என்று அவர்கள் கேட்கிறார்கள். கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் இந்தக் கேள்விகள்தான் இருந்தன. தாதுவின் கிரேடில் இவற்றுக்குப் பதில் இல்லை, இருக்கவும் முடியாது. அதைக் காட்டி மக்களின் கேள்வியை மூடுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

இதே கடல் மணலைக் கட்டட இஞ்சினியரிடம் காட்டினால் தலைகீழாகச் சொல்வார். அலை மணலைக் கொழித்துக் கொழித்து ஒரே அளவு மணிகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கும். நிலவியல் படித்தவர் அதை நன்றாகப் பிரிந்த மணல் என்று பாராட்டுவார். இஞ்சினியர் மோசமான கிரேடிங் என்று ஒதுக்குவார். காரணம் நேரானது. கான்கிரீட்டுக்கு வேண்டியது பெரிய மணி, நடுத்தர மணி, பொடி மணி எல்லாம் அளவோடு கலந்த மணல். பெரிய மணிகளுக்கு இடையிலுள்ள இடுக்கைச் சின்ன மணிகள் அடைத்தால்தான் சிமென்ட் கொஞ்சமாகச் செலவாகும், கலவை நெருக்கமாக அமையும். ஒரே அளவாக இருந்தால் இடுக்கெல்லாம் காலி. (உப்பு இருப்பதால் கடல் மணலைக் கட்டடத்துக்கு எடுக்கக் கூடாது என்பது தனிச் சங்கதி.) எம்-சாண்ட் வாங்கும்போது 4.75 மில்லிமீட்டரில் தொடங்கி 150 மைக்ரான் வரை சல்லடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிச் சலித்து, எதில் எவ்வளவு நின்றது என்று பார்ப்பார்கள். அதை வைத்து மண்டலம் 1 முதல் 4 வரை பெயரிடுவார்கள். 1 என்றால் பருமணல், 4 என்றால் பொடிமணல். இந்த எண்ணை முதல் தரம், நாலாம் தரம் என்று வாசிக்கக் கூடாது. எந்த வேலைக்கு எது என்பதற்கான குறி மட்டும்தான்.

சிமென்டில் 43, 53 என்பவை, 28 நாள் கழித்து அந்தச் சிமென்டில் செய்த சோதனைக் கட்டி ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் தாங்குகிறது என்ற கணக்கு. எம்20 கான்கிரீட், எஃப்.இ.500 கம்பி எல்லாம் இதே வகை. எண் பெரிதானால் வீடு நல்லா நிற்கும் என்று பலரும் 53 கேட்டு வாங்குகிறார்கள். 53 சீக்கிரம் உறுதி ஏறும், கூடவே சூடும் அதிகம் வெளிவிடும். நனைப்பதில் அலட்சியம் இருந்தால் வெடிப்பு விழும். பூச்சு வேலைக்கு 43 அல்லது சாம்பல் கலந்த பி.பி.சி. போதும், பல நேரம் அதுதான் பொருத்தமும் கூட. சாலை போடுபவர்களிடம் கேட்டால், கிரேடு என்பது ஏற்றத்தின் சாய்வு. சமவெளியில் 30 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வது பொது விதி.

நெல்லைப் பற்றிக் கொஞ்சம். கொள்முதல் நிலையத்தில் கிரேடு ஏ என்று ஒன்றும் பொது ரகம் என்று ஒன்றும் இருக்கிறது. நம் ஊரில் சன்னம், மோட்டா என்று சொல்லிவிடுவோம். ஏ என்றதும் உயர்ந்தது என்று மனசு சொல்லும். உண்மையில் அளப்பது அரிசியின் வடிவம்: நீளம் அகலத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தால் ஏ. ருசியையும் சத்தையும் யாரும் கேட்கவில்லை. 2025–26 பருவத்துக்கு ஒன்றிய அரசின் விலை குவிண்டாலுக்குப் பொது ரகத்துக்கு 2,369 ரூபாய், ஏ ரகத்துக்கு 2,389 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை சேர்த்து 2,500, 2,545. திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் நாஞ்சில் நாட்டு வயலுக்கென்று கொடுத்த டி.பி.எஸ்.3 குட்டையான, தடித்த அரிசி. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகத்திலும் அதைப் போட்டு, புழுக்கி, குழம்பு ஊற்றிச் சாப்பிடும் வீடுகளுக்கு அதுதான் முதல் தரம். அரசுத் தாளில் அது பொது ரகம். நிலையத்தில் உண்மையில் விவசாயியை வாட்டுவது இந்தப் பிரிவு அல்ல, ஈரப்பதம். 17 விழுக்காட்டுக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள், கும்பப்பூ அறுப்பில் மழை வந்தால் நெல்லைச் சாலையில் பரப்பிக் காவல் இருக்க வேண்டியதுதான்.

குளச்சலிலும் முட்டத்திலும் ஏற்றுமதி இறாலுக்கு எண்ணிக்கைதான் கிரேடு. கிலோவுக்கு 20 நிற்பது பெரிசு, 60 நிற்பது சிறிசு. எண் குறையக் குறைய விலை ஏறும். இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை: எண்ணிப் பார்த்தால் முடிந்தது. இவ்வளவு தெளிவான கிரேடு வேறு தொழிலில் அபூர்வம்.

மார்த்தாண்டம் தேன் அப்படி இல்லை. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிர்ந்து துளிர் விடும்போது அந்த இளந்தளிரின் காம்பில் தேன் சுரக்கும், பூவே தேவையில்லை. நம் மாவட்டத் தேனில் பெரும்பங்கு அப்படி வருவது. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் அக்மார்க், தேனை ஸ்பெஷல், ஏ, ஸ்டாண்டர்டு என்று மூன்றாகப் பிரித்தது. மூன்றுக்கும் முக்கிய வித்தியாசம் ஈரப்பதம்: 20, 22, 25 விழுக்காடு. ஈரம் கூடினால் தேன் புளிக்கும் என்பதால் அந்தக் கேள்வி அவசியமானதுதான். ஆனால் வாங்குபவர் மனசில் இருக்கும் கேள்வி வேறு: இது கலப்படமா? ரப்பர்த் தேன் குளுக்கோஸ் மிகுந்தது, சீக்கிரம் உறைந்து சர்க்கரை போல அடியில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு நல்ல தேனைத் திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உறைவதால் தேன் கெட்டதாகாது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும்.

இனி பிள்ளைகள் விஷயம். மதிப்பெண்ணில் இரண்டு வகை இருக்கிறது, அதை வீடுகளில் பிரித்துப் பார்ப்பதே இல்லை. ஒன்று, பாடத்தில் எவ்வளவு தெரியும் என்பது. நூறு பேர் எழுதி நூறு பேருமே 90 எடுக்கலாம், அதில் தடையில்லை. இன்னொன்று, கூட எழுதியவர்களோடு ஒப்பிட்டு வைப்பது. சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வில் ஏ1 என்பது, ஒரு பாடத்தில் தேறியவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, முதல் எட்டில் ஒரு பங்குக்குக் கொடுப்பது. அடுத்த எட்டில் ஒரு பங்கு ஏ2, அதற்கடுத்தது பி1, அப்படியே இறங்கும். ஒரே மதிப்பெண் ஒரு பாடத்தில் ஏ1 ஆகவும் இன்னொரு பாடத்தில் பி1 ஆகவும் இருக்கலாம். மூத்தவள் போன வருடம் 91க்கு ஏ1 வாங்கினாள், இளையவன் இந்த வருடம் 92க்கு ஏ2தான் என்று வீட்டில் சண்டை நடந்தால், பையன் பக்கம் குற்றமில்லை. அந்த வருடம் கூட எழுதியவர்கள் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள், அவ்வளவே.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017இல் நின்றது. நான் அதை முழு மனசோடு வரவேற்கிறேன். படிப்பில் பேர்போன மாவட்டம் நம்முடையது, அந்தப் பெயரின் சுமையைத் தூக்குவது பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகள். 498க்கும் 499க்கும் இடையிலுள்ள ஒரு மதிப்பெண், அறிவில் உள்ள வித்தியாசத்தைக் காட்டுகிறது என்று எந்த ஆசிரியரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல மாட்டார். ஒரே விடையை இரண்டு ஆசிரியர்கள் திருத்தினால் அதைவிடக் கூடுதல் வித்தியாசம் வரும். பிளஸ் டூவில் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து, மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க வழி இருப்பது அதனால்தான். ஷீட் கொண்டுபோகும் விவசாயிக்கு இல்லாத வசதி அது, பயன்படுத்தத் தயங்கக் கூடாது.

கல்லூரிக்கும் கிரேடு உண்டு. கல்லூரிகளை மதிப்பிட 1994இல் தொடங்கிய நாக் அமைப்பு நாலு புள்ளிக் கணக்கில் போடுவது: 3.51க்கு மேல் ஏ++, 3.26 முதல் ஏ+, 3.01 முதல் ஏ, அப்புறம் பி++ என்று போகும். பேருந்து முழுக்க எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்தால், பிள்ளை சேரப்போகும் துறைக்கே அந்த எழுத்து கிடைத்தது போலத் தோன்றும். அது மொத்த நிறுவனத்துக்குமான சராசரி. கட்டடம், நூலகம், ஆய்வு, நிர்வாகம், ஆவணம் எல்லாம் சேர்ந்தது. இயற்பியல் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், ஆய்வுக்கூடம் ஓடுகிறதா என்பதை நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும். எழுத்து வரிசையை விட்டுவிட்டு அங்கீகாரம் உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும் முறைக்குப் போவதாக 2024இல் நாக்கே அறிவித்தது.

கடைசியாக ஆஸ்பத்திரி. தவறாக வாசித்தால் மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

ஈரல் கொழுப்பு கிரேடு 1, 2, 3 என்பது ஸ்கேன் திரையில் ஈரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்ற பார்வைக் கணக்கு. பக்கத்திலுள்ள சிறுநீரகத்தைவிடக் கொஞ்சம் வெளுத்து, ரத்தக்குழாய் ஓரங்கள் தெளிவாக இருந்தால் 1. ஓரங்கள் மங்கினால் 2. பின்பக்கமும் உதரவிதானமும் தெரியாத அளவுக்குப் போனால் 3. இங்கேயும் கண்தான் அளவுகோல், ஒரு டாக்டர் 1 என்பதை இன்னொருவர் 2 என்று எழுதலாம். இது கொழுப்பின் அளவைப் பற்றிய பேச்சு மட்டுமே. ஈரலில் தழும்பு விழுந்து இறுகத் தொடங்கியிருக்கிறதா என்பதுதான் பிற்காலத்தைத் தீர்மானிக்கும் கேள்வி. அதற்கு ஃபைப்ரோஸ்கேன் போன்ற வேறு சோதனை, எஃப்0 முதல் எஃப்4 வரை வேறு எண்கள். கிரேடு 3 என்று படித்ததும் ஈரல் போயிற்று என்று ஒடிந்து போகவும் வேண்டாம், கிரேடு 1தானே என்று சர்க்கரையையும் எடையையும் கவனிக்காமல் விடவும் வேண்டாம்.

புற்றுநோயில் கிரேடையும் ஸ்டேஜையும் குழப்பிக்கொள்வது அதைவிடப் பெரிய வேதனை. கிரேடு என்பது, எடுத்த சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது அந்தச் செல்கள் இயல்பான செல்களிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பது. ஸ்டேஜ் என்பது, நோய் உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. மார்பகப் புற்றில் மூன்று அம்சங்களுக்குத் தலா 1 முதல் 3 வரை புள்ளி போட்டுக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 3 முதல் 5 வரை என்றால் கிரேடு 1; 6, 7 என்றால் 2; 8, 9 என்றால் 3. ஒரு பெண்ணுக்குக் கிரேடு 3 ஆகவும் ஸ்டேஜ் 1 ஆகவும் இருக்கலாம். செல்கள் வேகமானவை, ஆனால் இன்னும் பரவவில்லை, ஆகவே உடனே தொடங்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். தாளில் மூன்று என்று பார்த்ததும் “மூணாவது ஸ்டேஜாம்” என்று உறவுக்காரர்களிடம் செய்தி போய்விடுகிறது. அந்தச் செய்தியைக் கேட்டு மருத்துவமே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடும் ஆபத்து உண்டு என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மருத்துவர்களே தங்கள் எண்களைத் திருத்திக்கொண்ட கதையும் உண்டு. ஆண்களின் புராஸ்டேட் புற்றுக்கு 1966இல் டொனால்டு கிளீசன் என்ற மருத்துவர் ஒரு புள்ளிமுறை கொடுத்தார். காலப்போக்கில் 10க்கு 6 என்பதே நடைமுறையில் கொடுக்கப்படும் மிகக் குறைந்த புள்ளியாக ஆகிவிட்டது. 10க்கு 6 என்று பார்த்த நோயாளிகள் பாதியைத் தாண்டிவிட்டது என்று பயந்தார்கள், அவசியமில்லாத அறுவைக்கும் ஒத்துக்கொண்டார்கள். 2014இல் நிபுணர்கள் கூடி, அதே 6ஐக் கிரேடு குரூப் 1 என்று மாற்றி, 1 முதல் 5 வரை புதிதாக எண் போட்டார்கள். நோய் மாறவில்லை, சோதனையும் மாறவில்லை. கேட்பவருக்குப் புரிகிற மாதிரி எண்ணை மட்டும் மாற்றினார்கள். மற்ற துறைக்காரர்களும் இதைச் செய்தால் நன்றாக இருக்கும்.

செல்லின் கிரேடும் ஒருவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதுவதுதான் என்பதால், பெரிய மையங்களில் துணுக்கை மறுபடி பார்ப்பது வழக்கம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ நாகர்கோவிலில் ஒரு தனியார் லேபிலோ பயாப்ஸி பார்த்துவிட்டு, திருவனந்தபுரத்தில் உள்ள புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.க்குப் போகிறவர்கள் ரிப்போர்ட் தாளோடு கிளம்பிவிடக் கூடாது. கண்ணாடி ஸ்லைடும், சதைத் துணுக்கை மெழுகில் பதித்த பிளாக்கும் லேபில் எடுத்து வைத்திருப்பார்கள். எழுதிக் கொடுத்துக் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். அவை இருந்தால் அங்கே மறுபடி ஊசி குத்தாமலே கிரேடைச் சரிபார்க்க முடியும், சில நேரம் அதன்படி மருந்தே மாறும். டாக்டர் எதிரில் உட்காரும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனி வரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கிரேடு எத்தனை, ஸ்டேஜ் எத்தனை.